பெட்டியில் உறங்கும் படக்கதைகள்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூஜை முடிந்து பிரசாதம் வழங்கிய பிறகு, நம் மண்டபத்தின் பின்புறமுள்ள சாமான் அறையைச் சுத்தம் செய்ய ஆறேழு பேர் கூடினோம். உடைந்த குத்துவிளக்குகள், பழைய அன்னதானக் கணக்கு நோட்டுகள், தேர்த்திருவிழாவின் கிழிந்த தோரணங்கள் ஆகியவற்றிற்கு அடியில் ஒரு தகரப்பெட்டி அகப்பட்டது. உள்ளே துண்டில் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் அம்புலிமாமா, முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள்!

அத்துடன் அன்றைய வேலை நின்றது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். எழுபதைத் தாண்டிய நம் மூத்த உறுப்பினர்கள் இருவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டத் தொடங்கிவிட்டனர். "இந்த இரும்புக்கை ஞாபகம் இருக்கா அண்ணே?" என்று ஒருவர் கேட்க, "அதை மறக்க முடியுமா தம்பி?" என்று மற்றவர் சொல்ல, அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

அப்போது உதவிக்கு வந்திருந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தான். படங்களை ஆவலோடு பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, "தாத்தா, இவன் என்ன பேசுறான்? படிச்சுச் சொல்லுங்க" என்றான். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை அவன். தேவாரப் பாடல் ஒன்றையும் மனப்பாடமாகச் சொல்வான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அந்தக் கேள்வி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இக்கட்டுரை எழுதக் காரணமும் அதுவே.

விற்பதா, வைத்திருப்பதா?

கட்டு கிடைத்த செய்தி பரவியதும் சங்கத்தில் இரண்டு கருத்துகள் எழுந்தன. சென்னையில் உறவினருள்ள ஓர் அன்பர், இத்தகைய பழைய புத்தகங்களை நல்ல விலை கொடுத்து வாங்கும் சேகரிப்பாளர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றும், விற்றுத் திருப்பணி நிதியில் சேர்த்துவிடலாம் என்றும் யோசனை கூறினார். அவர் கூறியதில் தவறு ஒன்றும் இல்லை. நம் கோபுரத்துச் சுதைவேலைக்குப் பணம் வேண்டியிருக்கிறது என்பதை எல்லோரும் அறிவோம். மற்றொருவரோ, "நம் பிள்ளைகள் படிக்காமல் போனாலும் பரவாயில்லை, இது நம் ஊரில் இருக்கட்டும்" என்றார். முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. அதற்குமுன் இப்புத்தகங்கள் எவை, எப்படி வந்தன, அவற்றின் பெறுமதி என்ன என்று அன்பர்கள் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

அம்புலிமாமா முதல் இரும்புக்கை வரை

அம்புலிமாமா 1947ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையில் தொடங்கப்பட்டது. திரைப்படத் துறையில் புகழ்பெற்ற நாகிரெட்டி, சக்கரபாணி ஆகிய இருவரும் தெலுங்கிலும் தமிழிலும் அதைக் கொண்டுவந்தனர். பிறகு பல இந்திய மொழிகளுக்கும் அது பரவியது. இடுப்பில் கச்சை கட்டி, கையில் வாள் ஏந்தி, தோளில் வேதாளத்தைச் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தைப் பார்க்காத தமிழர் அக்காலத்தில் உண்டா? அப்படத்தை வரைந்தவர் சங்கர் என்று கையொப்பமிட்ட கே. சி. சிவசங்கர். 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்து பல பத்தாண்டுகள் வரைந்தவர். 2020இல் தொண்ணூறு வயதைக் கடந்து அவர் காலமானார்; மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அம்புலிமாமா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நின்றுபோய்விட்டது.

குழந்தை இலக்கியத்திற்கும் நம் முன்னோர் வந்த ஊர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்தது புதுக்கோட்டைச் சீமையின் இராயவரம். பூந்தளிர் இதழை நடத்திய வாண்டுமாமா அதே சீமையின் அரிமளத்தைச் சேர்ந்தவர். 1948இல் கல்கண்டு இதழைத் தொடங்கிய தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். இந்தப் பெயர்களைக் கேட்டவுடன் "நம்ம பக்கத்து ஊர்" என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் நம் சங்கத்தில் எத்தனையோ!

வீரசாகசப் படக்கதைகளுக்கு ஊர் சிவகாசி. பட்டாசுக்கும் நாட்காட்டிக்கும் பெயர்பெற்ற அவ்வூரிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் வெளிவரத் தொடங்கியது. அதை நடத்தியவர் சௌந்தரபாண்டியன். முல்லை தங்கராசன் ஆசிரியப் பொறுப்பேற்று உதவினார். முதல் புத்தகமே "இரும்புக்கை மாயாவி". இங்கிலாந்தில் வேலியண்ட் என்ற வாரப் பத்திரிகையில் 1962இல் தொடங்கிய கதை அது. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்த ஒருவனுக்கு இரும்புக்கை பொருத்துகிறார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும்! இப்படி ஒரு கற்பனையைக் கேட்ட பிள்ளை சோறு தின்பானா?

1984ஆம் ஆண்டு ஜூலை மாதம் படக்கதை வாசகர்களுக்கு இரட்டைத் தீபாவளி. சௌந்தரபாண்டியனின் புதல்வர் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் அதே மாதம் வந்தது. லயனின் முதல் கதையில் மாடஸ்டி என்ற வீராங்கனை, ராணியில் ஜேம்ஸ்பாண்ட். ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. லயனும் முத்துவும் இடையிடையே தடைப்பட்டாலும், 2012இல் புதுப்பொலிவுடன் மீண்டும் வந்து சிவகாசியிலிருந்து தொடர்ந்தன.

நம் சமய அன்பர்களுக்கு அமர் சித்திரக் கதையை நினைவூட்டத் தேவையில்லை. 1967இல் ஆனந்த் பை என்பவர் தொலைக்காட்சியில் ஒரு வினாவிடை நிகழ்ச்சி பார்த்தாராம். கிரேக்க நாட்டுத் தெய்வங்களைப் பற்றிக் கேட்டதற்குப் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். இராமனின் தாயார் பெயர் கேட்டபோது விழித்தார்கள். அந்த வருத்தத்தில் பிறந்ததே அந்த வரிசை. நம் ஊரில் இன்று அதே கேள்வியைக் கேட்டால் பதில் வரும். அதைத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னால்தான் சிரமம்.

ரங்கூனுக்கு வந்த வழி

என் தகப்பனார் சொல்லக் கேட்டது: அவர் இளைஞராக இருந்த காலத்தில் சென்னைக் கப்பல் வந்தால் மொகல் தெருவிலும் பிரேசர் தெருவிலும் தமிழ்ப் பத்திரிகைகள் கிடைக்கும். அன்றைய பிரேசர் தெருதான் இன்றைய அனோரத்தா சாலை. 1964இல் கடைகள் தேசியமயமாயின. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமற்போயின. அதன்பிறகு நம்மவர் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறினர். தங்கியவர்களுக்குத் தமிழ்ப் பள்ளிகளும் தமிழ்ப் பத்திரிகைகளும் இல்லாமற்போயின. தமிழெழுத்து நம் வீடுகளில் பஞ்சாங்கத்திலும் பாட்டுப் புத்தகத்திலும் மட்டும் உயிரோடிருந்த காலம் அது.

நான் அந்தக் காலத்துப் பிள்ளை. பர்மியப் படக்கதைகளுக்குக் குறைவில்லை. தெருமுனையில் புத்தகம் வாடகைக்கு விடும் கடை இருந்தது. சிறு பலகையில் அமர்ந்து அங்கேயே படித்துவிட்டுக் காசு கொடுக்கலாம். 1969இல் தொடங்கிய ஷ்வே துவே வார இதழைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் படித்தோம். தமிழில் படிக்கத்தான் ஒன்றும் இல்லை.

1965இல் கப்பலேறிப் போன என் தாய்மாமன் சென்னைக் கடற்கரை ஓரத்தில் பர்மா பஜாரில் ஒரு சிறு கடை வைத்துப் பிழைத்தார். இருபது ஆண்டு கழித்து, ஏழு நாள் விசாவில் தமக்கையைப் பார்க்க வந்தார். பையில் வேட்டிகளுக்கு நடுவே பதினொரு படக்கதைப் புத்தகங்கள்! "மாப்பிள்ளைக்கு மிட்டாய் வாங்கி வரலாம்னு பார்த்தேன், இதுதான் ரொம்ப நாள் வரும்னு தோணிச்சு" என்றார். எனக்கு அப்போது வயது பதினான்கு. உயிர்மெய் எழுத்துகளை அரைகுறையாகத்தான் அறிவேன். மாயாவியின் கதி என்ன என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில், இரண்டே மாதத்தில் தங்குதடையின்றிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மண்டபத்து மாலை வகுப்பில் மூன்று ஆண்டுகளில் வராதது அது.

எங்கள் சந்தில் எட்டுப் பிள்ளைகள். பதினொரு புத்தகங்களையும் முறைவைத்துப் படித்தோம். ஒரு புத்தகம் ஒரு வீட்டில் ஓரிரவுதான். கை கழுவிவிட்டுத்தான் தொடவேண்டும். படிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்கு உரக்கப் படித்துக் காட்டவேண்டும். என் பாட்டியும் கேட்டுக்கொண்டிருப்பார். முத்து காமிக்ஸில் முகமூடி அணிந்த ஆப்பிரிக்கக் காட்டு வீரனுக்கு வேதாளன் என்று பெயர். "ஏண்டா, விக்கிரமாதித்தன் தோளிலே இருந்த வேதாளம் எப்படா இந்தக் குட்டைக் கால்சட்டையைப் போட்டுக்கிட்டுச்சு?" என்று பாட்டி கேட்டது இன்றும் எங்கள் வீட்டில் வேடிக்கையாகச் சொல்லப்படுவதுண்டு.

நான்கு பக்கங்கள்

ஒருநாள் பெரியவர் ஒருவர் தம் பேரனுக்கு என்று இரும்புக்கை மாயாவியை இரவல் வாங்கிச் சென்றார். நெடுநாள் கழித்துத் திரும்பி வந்தபோது கடைசி நான்கு பக்கங்கள் இல்லை. யார் கிழித்தார்கள், எதற்குக் கிழித்தார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. அக்கதையை எங்களில் நான் உட்பட ஐந்து பேர் அதுவரை முடிக்கவில்லை.

அந்தக் கதையில் மாயாவி தொடக்கத்தில் கெட்டவன். மறைந்து திரியும் சக்தி கிடைத்ததும் புத்தி பேதலித்து ஊரையே மிரட்டுகிறான். அவன் திருந்தினானா, அழிந்தானா? நாங்கள் சண்டையிட்டுக்கொண்டோம். எங்களில் ஒருவன் தானாகவே நான்கு பக்கங்களைப் பென்சிலால் வரைந்து ஒட்டிவைத்தான். அவன் முடிவில் மாயாவி ஷ்வேடகோன் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து மனம் மாறினான்! பிறகு 1988 வந்தது, குடும்பங்கள் சிதறின, புத்தகங்களும் சிதறின.

சேகரிப்பவர் வீட்டில்

பல ஆண்டுகள் கழித்து மாமாவின் பேத்தி திருமணத்திற்காகச் சென்னை சென்றேன். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னபோது, மாமாவின் மகன் என்னைத் தம் நண்பர் ஒருவர் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர். ஓர் அறை முழுவதும் அலமாரி. படக்கதைகள் வரிசை எண்படி அடுக்கப்பட்டிருந்தன. மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் தொடங்கிய பழக்கமாம். 1985 மே மாதம் அது எரிந்துபோனபோது சொந்த வீடு எரிந்ததுபோல அழுதாராம்.

முதலில் அவர் என்னை நம்பவில்லை. விலை பேச வந்தவன் என்று எண்ணிவிட்டார். நான்கு பக்கங்களின் கதையைக் கேட்டதும் முகம் மாறிற்று. புத்தகத்தை மேசையில் விரித்துவைத்து, "உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விட்டார். அந்தக் கடைசிப் பக்கங்களைப் படித்து முடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. படித்த பின் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

அவரிடமிருந்து பல விவரங்கள் அறிந்தேன். சேகரிப்பாளர்களில் இரு வகையுண்டாம். பிறர் கண்ணில் காட்டாமல் பூட்டிவைப்பவர்கள் ஒரு வகை. தம்மிடம் இரண்டு பிரதி இருந்தால் ஒன்றை இல்லாதவருக்கு மாற்றிக்கொடுத்து, விடுபட்ட எண்களை ஒருவருக்கொருவர் நிரப்பிக்கொள்பவர்கள் மற்றொரு வகை. ஆண்டுதோறும் ஈரோடு புத்தகத் திருவிழாவின்போது லயன்–முத்து வாசகர்கள் ஒன்றுகூடிப் பேசுவது வழக்கமாகியிருக்கிறது. வாசகர்கள் விடாமல் கேட்டதால்தான் பழைய கதைகள் பல மறுபதிப்பாகவும் வந்தனவாம்.

ஒரு சேகரிப்பாளரின் ஆசை ஊருக்கே சொத்தான கதையும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ் நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள் என்று பிறர் குப்பை என நினைத்தவற்றையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டுபோகவில்லை; சென்னையிலேயே 1994இல் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று யாரும் சென்று பார்க்கலாம். விற்றதும் உண்டு, ஊரில் இருந்ததும் உண்டு என்பதை நம் சங்கத்தின் இரு கட்சியினரும் கவனிக்க வேண்டுகிறேன்.

காகிதத்தைக் காப்பது எப்படி?

நம் பெட்டியிலிருந்த புத்தகங்கள் மலிவான செய்தித்தாள் வகைக் காகிதத்தில் அச்சானவை. மரக்கூழில் உள்ள பொருள் வெயிலும் காற்றும் பட்டுப் பழுப்பாகி, புளிப்பேறி, ஓரங்கள் அப்பளம்போல் நொறுங்கும். போதாக்குறைக்கு நம் ஊரின் ஐந்து மாத மழை. ஆகவே வீட்டில் இத்தகைய புத்தகம் வைத்திருக்கும் அன்பர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்.

கிழிசலுக்கு ஒருபோதும் செல்லோடேப் ஒட்டவேண்டாம். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகிப் படத்தையே தின்றுவிடும். மெல்லிய கைத்தாளும் அரிசிமாவுக் கஞ்சியும் போதும். நம் ஷான் மாநிலத்துப் பிண்டயாவில் மல்பெரி வகை மரப்பட்டையிலிருந்து கைத்தாள் செய்கிறார்கள்; நீண்ட நாருள்ளதாகையால் அதில் மெல்லியதாகத் தேர்ந்தெடுத்தால் நன்கு பிடிக்கும். கஞ்சியை மிகக் குறைவாகத் தடவி, நன்றாக உலரவிட வேண்டும். ஈரம் தங்கினால் பூச்சி வரும். துருப்பிடித்த கம்பி ஊசிகளை மெதுவாக நீக்கிவிட்டுப் பருத்தி நூலால் தைக்கலாம். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, தரையில் படாத அலமாரியில் படுக்கவைப்பது மேல். உலர்ந்த வேப்பிலையோ வசம்போ அருகில் வைக்கலாம். ஆனால் பக்கங்களுக்கு நடுவே வைத்தால் கறைபடும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை நிழலில் காற்றாட விரிக்கவேண்டும். வெயிலில் காயவைக்கக் கூடாது.

சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம்

என் தாழ்மையான யோசனை இதுதான். பெட்டியிலுள்ளவற்றில் இரட்டைப் பிரதிகள் ஏழு இருக்கின்றன. அவற்றை மட்டும் சேகரிப்பாளர்களுக்குக் கொடுத்து, வரும் தொகையில் ஒரு பங்கைத் திருப்பணிக்கும், ஒரு பங்கைப் புதிய மறுபதிப்புகள் வாங்குவதற்கும் ஒதுக்கலாம். மீதமுள்ளவற்றை மண்டபத்தில் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம். வீட்டிற்கு இரவல் வேண்டாம். அதன் பலனை நான் அனுபவித்திருக்கிறேன். ஞாயிறு வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும். பெரியவர் ஒருவர் உடனிருந்து உரக்கப் படித்துக் காட்டட்டும். அன்றாடம் கைபடுவதற்கு மறுபதிப்புகள், விசேஷ நாட்களில் பார்ப்பதற்கு மூலப்பிரதிகள் என்று வகைப்படுத்தினால் பழையவையும் பிழைக்கும். முழுப் புத்தகத்தையும் நகலெடுத்து விற்பது முறையன்று; வெளியிடுபவர்கள் பிழைத்தால்தான் மேலும் புத்தகம் வரும்.

"பிள்ளைகளுக்குத் திருக்குறள் சொல்லிக்கொடுக்காமல் துப்பாக்கிக் கதை கொடுப்பதா?" என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சில புத்தகங்களில் சிறு பிள்ளைகளுக்கு ஆகாத சண்டையும் படங்களும் உள்ளன; காட்டுவாசிகளையும் பிற நாட்டாரையும் இழிவாகக் காட்டும் பழைய பழக்கமும் உண்டு. அவற்றைப் பெரியவர்கள் பார்த்துப் பிரிக்கவேண்டும். ஆனால் எழுத்துத் தெரிந்தால்தானே குறளுக்குப் போகமுடியும்? மாலை வகுப்பில் மூன்று ஆண்டுகளில் கற்காததை இரும்புக்கை எனக்கு இரண்டு மாதத்தில் கற்றுக்கொடுத்தது. அதன்பின்தான் நான் திருவாசகத்தை என் கண்ணால் படித்தேன்.

அன்று கேள்வி கேட்ட சிறுவனுக்கு முதல் இரண்டு பக்கங்களைப் படித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, "மீதியை நீயே படி" என்றேன். கோபித்துக்கொண்டான். மறு ஞாயிறு வந்து, ஒரு கட்டத்தில் விரலை வைத்து "மா... யா... வி" என்று எழுத்துக் கூட்டினான். இப்போது ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறான். "கடைசியில் அவன் திருந்துவானா தாத்தா?" என்று வாராவாரம் கேட்கிறான். நான் சொல்வதாக இல்லை.

நம் பெட்டியிலிருந்த பிரதியிலும் கடைசித் தாள் தளர்ந்திருக்கிறது. அவன் அங்கே வந்து சேர்வதற்குள் அதைத் தைத்துவைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இத்தகைய புத்தகங்கள் இருந்தால், கிழிந்திருந்தாலும், பாதிதான் இருந்தாலும், அடுத்த கூட்டத்திற்கு முன் மண்டபத்திற்குக் கொண்டுவந்து காட்டுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடமுள்ள பாதியின் மறுபாதி இன்னொரு அன்பர் வீட்டில் இருக்கக்கூடும்.